செருப்பு வெளியே, ஆள் உள்ளே

சுவரில் இருக்கும் அந்தப் படத்தைக் கொஞ்சம் உயரமாக மாட்டிவிட்டீர்கள், மேடம். படத்தின் நடுப்பகுதி பார்ப்பவரின் கண் மட்டத்துக்கு வர வேண்டும் என்பார்கள். நான் அதைவிட ஒரு சாண் தாழ்த்தியே மாட்டுவேன். சக்கர நாற்காலியில் வருபவர்கள், சின்னப் பிள்ளைகள், கூன் விழுந்தவர்கள் எல்லாரும் கழுத்து வலிக்காமல் பார்க்க வேண்டும் அல்லவா? கலை எல்லாருக்கும் பொது. இதைச் சொல்லித்தான் நான் இத்தனை வருடம் சோறு தின்றேன்.

நீங்கள் பதிவு செய்துகொள்ளலாம். வக்கீல் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. நடந்ததை வரிசையாகவே சொல்லிவிடுகிறேன். ஒன்று மட்டும். இறந்துபோன பெண்மணியின் பெயரை நான் சொல்ல மாட்டேன். அது பிடிவாதம் இல்லை, கொள்கை. எங்கள் திட்டத்தில் படைத்தவர்கள் யாருடைய பெயரும் கிடையாது. அதைக் கடைசிவரை காப்பாற்றியவன் என்ற திருப்தியாவது எனக்கு மிஞ்சட்டும்.

கோலாலம்பூரில் ஓர் ஓவியக் கண்காட்சித் திறப்பு விழாவுக்கு நீங்கள் போயிருக்கிறீர்களா? போயிருக்க மாட்டீர்கள். உங்களை யாரும் அழைத்திருக்க மாட்டார்கள். வெள்ளைச் சுவர், நடுங்க வைக்கும் குளிர், எல்லார் கையிலும் கண்ணாடிக் கோப்பை. உங்களோடு பேசுபவர் உங்கள் தோளுக்கு மேலே பார்த்துக்கொண்டே பேசுவார், உங்களைவிட முக்கியமானவர் யாராவது வருகிறாரா என்று. சுவரில் துருப்பிடித்த தகரம் ஒன்றை ஆணி அடித்து மாட்டி, 'குடிபெயர்வின் மௌனம்' என்று பெயர் வைத்திருப்பார்கள். அதே தகரத்தின் கீழே பிறந்து வளர்ந்தவன் கதவைத் திறந்துகொண்டு வந்தால், காவலாளி 'டெலிவரியா?' என்று கேட்பான். என்னையே ஒருமுறை கேட்டான். என் கையில் ஒன்றுமே இல்லாதபோது கேட்டான்.

அன்றைக்குத்தான் முடிவு செய்தேன், இந்தக் கதவைத் திறந்தே தீருவது என்று.

நான் பெடாஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். பேட்டிகளில், கூலியாட்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவன் என்று சொல்லியிருக்கிறேன். அப்பா தோட்டத்து ஆபீசில் கிராணி, கணக்கு எழுதும் வேலை. எங்களுக்கு மேட்டில் தனி வீடு, முன்னால் ரோஜாச் செடிகள். எங்கள் ஜன்னலிலிருந்து பார்த்தால் லயம் முழுசாகத் தெரியும். லயத்தில் இருந்தவர்களுக்கே அது அப்படித் தெரிந்திருக்காது. அந்த வகையில் நான் சொன்னது பொய் இல்லை. பள்ளிக்கூடம் முடிக்கும் முன்பே சிரம்பானுக்குக் குடிபோய்விட்டோம்.

பல வருடம் கழித்துத் திரும்பி வந்தபோது தோட்டம் செம்பனையாக மாறியிருந்தது. ஆட்கள் எல்லாம் பக்கத்துத் தாமான் குடியிருப்பில் மலிவு வீடுகளுக்குப் போயிருந்தார்கள். லயம் இடிப்பதற்காகக் காத்துக்கொண்டு காலியாக நின்றது. ஒன்றே ஒன்று மட்டும் அப்படியே இருந்தது. ரப்பர் ஷீட்டுகளைக் கழிகளில் தொங்கவிட்டுப் புகை போட்டு உலர்த்தும் பழைய புகைவீடு. தடித்த பலகைச் சுவர், ஜன்னல் கிடையாது, ஒரே ஒரு கதவு, அதற்கு வெளிப்பக்கம் குறுக்கே போடும் கட்டை. பின்பக்கத்து அடுப்பில் விறகு எரித்தால் தரைக்கு அடியில் இருக்கும் வழியாகப் புகை உள்ளே ஏறும்.

அதைப் பார்த்ததுமே திட்டம் என் மனதில் முழுசாக வந்துவிட்டது. பக்கத்துச் சிறு தோட்டங்களில் வாங்கும் ரப்பர் பாலில் தோட்டத்து மக்களே தங்கள் வாழ்க்கையைப் பதிப்பார்கள். பால் உறைந்ததும் இங்கே புகை போட்டுத் தேன் நிறத்தில் எடுப்பார்கள். பிறகு அவை கண்காட்சிக்குப் போகும். 'திறந்த கதவு' என்று பெயர் வைத்தேன். எந்தப் படைப்பிலும் தனிப்பெயர் இருக்காது. 'தோட்ட மக்கள்' என்று மட்டும் இருக்கும். ஒருவர் பெரியவர், ஒருவர் சின்னவர் என்ற பேச்சே எழாது. அறிமுக நூலின் அட்டையில் ஒரு பெயராவது வேண்டும் என்று அச்சகத்தில் கேட்டதால் என் பெயரைக் கொடுத்தேன்.

முதல் நாளே எனக்கு ஒரு பாடம் கிடைத்தது. சப்பாத்தோடு புகைவீட்டுக்குள் காலை வைக்கப் போனேன். தாயம்மா என்ற பெண் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். தாமானில் எல்லாருடைய சண்டைக்கும் சமாதானத்துக்கும் முன்னால் நிற்பவர் அவர்.

"கிராணி வூட்டுத் தம்பி, சப்பாத்தக் கழட்டிட்டுப் போங்க லா."

"உள்ளே ஒரே கரியாக இருக்கிறதே, அக்கா."

"சுத்தத்துக்கா சொன்னேன்? செருப்பு வெளிய கெடந்தா ஆளு உள்ள இருக்குன்னு அர்த்தம். செருப்பு இல்லன்னா கதவ அடைச்சிப் பொகைய வுட்ருவாங்க. அப்புறம் நீங்களும் ஷீட்டு மாரி செவந்துபோய்த் தொங்க வேண்டியதுதான். வெலையும் நல்லாப் போவும்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைத்தேன். இந்த மாதிரி நடைமுறைகள் எனக்கு மிகவும் பிடிக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவனும் பின்பற்றக்கூடிய விதி.

அடுப்புக்கும் கதவுக்கும் முனியாண்டியை வைத்தேன். பழைய ஆள், அந்த வேலை தெரிந்தவர். வருடக்கணக்கில் மரம் அறுக்கும் மெஷின் பிடித்ததில் அவருக்குக் காது அறவே போய்விட்டது. தாயம்மா அப்போதே கேட்டார்.

"காது கேக்காதவருகிட்டயா கதவக் குடுக்குறீங்க?"

குறை உள்ளவர்களை ஒதுக்குவதுதான் இந்த நாட்டுக் கலை உலகத்தின் நோய் என்று அவருக்கு விளக்கினேன். அவர் விளங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை. அப்போது பக்கத்தில் இருந்த ஒரு பெண்மணி சொன்னார்.

"வுடுங்க லா தாயம்மாக்கா. அண்ணனுக்குக் காதுதான் இல்ல. கண்ணு கழுகுக் கண்ணு. செருப்பப் பார்த்துக்குவாரு."

அந்தப் பெண்மணிதான் பிறகு இறந்துபோனவர்.

முனியாண்டியின் பெயரைச் சொல்கிறேன், தாயம்மாவின் பெயரைச் சொல்கிறேன், இவர் பெயரை மட்டும் ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்கிறீர்கள். நல்ல கேள்வி. அவர்கள் இருவரும் தங்கள் பெயரைச் சுவரில் போடச் சொல்லி என்னைக் கேட்கவில்லை.

அவருக்கு ஐம்பது வயது இருக்கும். செனவாங் பக்கம் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. புருஷன் எப்போதோ விட்டுப் போய்விட்டதாகக் கேள்வி. எங்கள் கூட்டத்துக்கு முதலில் வந்தது மீ கோரெங் கொடுக்கிறோம் என்று யாரோ சொன்னதால்தான். அதை அவரே சொல்லிவிட்டு இரண்டாவது தட்டு வாங்கிக்கொண்டார்.

"நாள் முழுக்க ஊர்க்காரன் கையத்தான் செய்யிறேன் தம்பி," என்றார் பாலைக் கிளறிக்கொண்டே. "வெள்ளக்காரன் கை, சீனன் கை, டாக்டர் கை. எங்கைய நான் இன்னும் ஒரு தடவகூடச் செஞ்சதில்ல."

மற்றவர்கள் தட்டில் பாலை ஊற்றி இலை, பூ, பிள்ளையின் உள்ளங்கை என்று பதித்தார்கள். பார்க்க நன்றாகவே இருந்தது. பாலர் பள்ளியில் மாட்டலாம். நான் எல்லாவற்றையும் ஒரே அளவு பாராட்டினேன். பாராட்டில் ஏற்றத்தாழ்வு கூடாது.

இவர் தட்டைத் தொடவில்லை. வாளியில் பாலைத் தூக்கிக்கொண்டு இடிக்கப்போகும் லயத்துக்குப் போனார். தன் அம்மா இருந்த வீட்டின் சுவரில் பாலைப் பூசினார். காய்ந்ததும் இன்னொரு பூச்சு, அதற்கு மேல் இன்னொன்று. கடைசியில் தோலை உரிப்பது போல அந்தச் சுவரையே உரித்து எடுத்தார். சுண்ணாம்புச் செதில், ஆணி ஓட்டை, சாமிப் படம் மாட்டியிருந்த இடத்தில் விழுந்த புகை வட்டம், யாரோ சாய்ந்து சாய்ந்து தேய்ந்த எண்ணெய்க் கறை, எல்லாம் அந்தத் தோலில் ஒட்டிக்கொண்டு வந்தன. புகை போட்டு வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தபோது, வீடு ஒன்று மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு தொங்குவது போல இருந்தது.

நான் லண்டனில் படித்தவன், மேடம். என் பதினைந்து வருட முயற்சியில் அப்படி ஒன்று வந்ததில்லை. இதை ஒரு தகவலாகத்தான் சொல்கிறேன்.

அன்று மாலையே திட்டத்தின் முகநூல் பக்கத்தில் அதன் படத்தைப் போட்டு, 'எங்கள் கூட்டு யோசனை' என்று எழுதினேன்.

இனி குறியைப் பற்றிச் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் சிறு தோட்டக்காரர்கள் பலர் ஒரே புகைவீட்டில் ஷீட் போடுவார்கள். யாருடையது எது என்று குழம்பக் கூடாது என்பதற்காக, ஈரமாக இருக்கும்போதே ஷீட்டின் மூலையில் அவரவர் குறியைப் பதிப்பார்கள். இவரும் தன் சுவர்த் தோல்கள் எல்லாவற்றின் மூலையிலும் ஒரு குறி பதித்தார். எதிரெதிராக இரண்டு நகப் பிறை, நடுவில் பெருவிரல் அழுத்து. அவருடைய அம்மா போட்ட குறியாம்.

"அக்கா, நம் திட்டத்தில் அடையாளம் எதுவும் கிடையாது," என்று மெதுவாகச் சொன்னேன்.

"பேரா எழுதுனேன்? குறிதானே தம்பி. வேணாம்னா எங்கை கேக்காது. அது பாட்டுக்குப் போயி அழுத்திட்டு வந்துருது."

விட்டுவிட்டேன். என் தவறு என்று ஏதாவது இருந்தால் அது அங்கேதான் இருக்கிறது.

பிறகு விமலா வந்தார். கோலாலம்பூரில் பெரிய ஓவியக்கூடம் நடத்துபவர். நான் சொன்னேனே, தோளுக்கு மேலே பார்த்துப் பேசுபவர்கள், அவர்களில் தலையானவர். வெள்ளைப் பருத்திச் சேலையும் வெளிநாட்டுச் செருப்புமாகப் புகைவீட்டின் சேற்றில் இறங்கினார். எல்லாவற்றையும் பார்த்தபடி நடந்தவர், சுவர்த் தோல்களுக்கு முன்னால் மட்டும் நின்றார். ஒவ்வொன்றின் மூலையையும் குனிந்து பார்த்தார்.

"கெல்வின், இதெல்லாம் ஒரே ஆளோட வேலை. யார் இவங்க?"

"தோட்ட மக்கள்," என்றேன்.

"தோட்ட மக்கள் எல்லாருக்கும் ஒரே நகமா?"

அந்தப் பெண்மணிக்குத் தனிக் கண்காட்சி வைக்க வேண்டும் என்றார். தானே விசாரித்து அவரைக் கண்டுபிடித்து, லயத்துச் சுவரைக் காட்டச் சொல்லிப் பேசிக்கொண்டிருந்தார். என் தோளுக்கு மேலே பார்க்கக்கூட இல்லை. நான் அங்கே இல்லவே இல்லை.

இதில்தான் நீங்கள் என்னைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு தோட்டத்துப் பெண்ணை மட்டும் பொறுக்கி எடுத்து, குளிரூட்டிய அறையில் மாட்டி, மற்றவர்களை மறுபடியும் லயத்துக்கே அனுப்புவது. இதுதானே காலம் காலமாக அவர்கள் செய்து வருவது. ஆயிரம் பேரில் ஒருவரை உள்ளே விட்டுவிட்டு, கதவு திறந்துதான் இருக்கிறது என்று சொல்வார்கள். அதைத் தடுக்க வேண்டிய இடத்தில் நான் இருந்தேன்.

கண்காட்சிக்கு அனுப்புவதற்கு முன் எல்லாச் சுவர்த் தோல்களின் மூலையையும் கத்தரிக்கோலால் வெட்டினேன். மற்றவர்களுடையதையும் வெட்டினேன், சமமாக இருக்கட்டும் என்று.

மறுநாள் அவர் அதைப் பார்த்துவிட்டார். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். ஒரு ஷீட்டை எடுத்துத் தாயம்மாவிடம் காட்டினார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மூல வெட்டுன ஷீட்டு என்னா ஷீட்டு, தாயம்மாக்கா?"

"திருட்டு ஷீட்டு," என்றார் தாயம்மா. "வேற என்னா?"

எனக்கு அது தெரியாது, மேடம். அந்தக் காலத்தில் ஷீட் திருடுபவன் முதலில் குறி இருக்கும் மூலையைத்தான் வெட்டுவானாம். மூலை இல்லாத ஷீட்டை எந்தக் கடைக்காரனும் தொட மாட்டானாம். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயமாம். மேட்டு வீட்டு ஜன்னலிலிருந்து அது தெரியவில்லை.

"அது வேறு, இது வேறு," என்று விளக்க ஆரம்பித்தேன்.

"ரொம்ப நல்லது தம்பி," என்றார் அந்தப் பெண்மணி. "அப்ப ஒண்ணு செய்யிங்க. எம்பேரு வேணாம். எல்லாரு பேரையும் போடுங்க. தாயம்மாக்கா பேரு, முனியாண்டி அண்ணன் பேரு, பூவு பதிச்ச பிள்ளைங்க பேரு, எல்லாம். அந்த மண்டபத்து நீளச் செவுத்துல எடம் பத்தாதா? பத்தலன்னா நான் எழுதித் தர்றேன், பொடி எழுத்துல."

"பெயர்ப் பட்டியல் போட்டால் அது கல்யாணப் பத்திரிகை மாதிரி ஆகிவிடும், அக்கா. படைப்பு மறைந்துவிடும்."

"ஒங்க பேரு அட்டையில இருக்கே. அது மறைக்கலியா?"

பக்கத்தில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். தாயம்மாவின் சிரிப்பு மட்டும் நிற்கவே இல்லை. அந்தப் பெண்மணி சிரிக்காமல் சொன்னார்.

"தெறப்பு விழாவுக்கு எங்களயெல்லாம் பஸ்ஸுல கூட்டிட்டுப் போறீங்கல்ல? அங்க மைக்கு இருக்கும்ல? நான் ஏறிச் சொல்றேன், இதெல்லாம் மூல வெட்டுன ஷீட்டுன்னு. கோலாலம்பூர்க்காரங்களுக்கு அர்த்தம் புரியாது. நான் புரிய வைக்கிறேன்."

விமலா அங்கே இருப்பார். பத்திரிகைக்காரர்கள் இருப்பார்கள். ஒரே ஒரு ஆளின் பெயர் ஆசையால், அத்தனை பேருக்காகவும் திறந்த கதவு ஊர் சிரிக்க மூடிப்போகும். ஒருவரா, எல்லாருமா என்று கேட்டால் நான் எந்தப் பக்கம் நிற்க வேண்டும்? பெரும்பான்மையின் பக்கம். அதற்குப் பெயர்தான் ஜனநாயகம்.

அந்த மத்தியானத்துக்கு வருகிறேன்.

கடைசித் தோல் ஒன்றைத் தொங்கவிட அவர் தனியாகப் புகைவீட்டுக்கு வந்திருந்தார். மற்றவர்கள் பெடாஸ் பாசாருக்குச் சாமான் வாங்கப் போயிருந்தார்கள். முனியாண்டி பின்னால் செம்பனை ஓரத்தில் விறகு பொறுக்கிக்கொண்டிருந்தார். நான் காரை நிறுத்திவிட்டு வந்தபோது புகைவீட்டு வாசலில் ஒரு ஜோடி செருப்பு கிடந்தது. நீல ரப்பர்ச் செருப்பு, குதிகால் தேய்ந்தது. உள்ளே கழிகளை நகர்த்தும் சத்தமும் ஏதோ பழைய பாட்டை முனகும் சத்தமும் கேட்டன.

நான் கதவைத் தொடவில்லை. இதை நீங்கள் தெளிவாகக் குறித்துக்கொள்ள வேண்டும். கட்டையைத் தொடவில்லை, அடுப்பைத் தொடவில்லை. குனிந்து செருப்பை எடுத்தேன். காரின் பின்பெட்டியில் வைத்தேன். அவ்வளவுதான்.

முனியாண்டி விறகோடு வந்தார். வாசலைப் பார்த்தார். எப்போதும் போல இரண்டு பக்கமும் தலையைத் திருப்பிப் பார்த்தார். கதவைச் சாத்திக் கட்டையைப் போட்டார். அடுப்புக்குப் போனார். பச்சை விறகு, நல்ல புகை. பிறகு நான் அவரைக் கையசைத்துக் கூப்பிட்டுக் கொட்டகையின் நிழலில் உட்கார வைத்து, கையோடு கொண்டுவந்த கேமராவை எதிரே வைத்தேன். கண்காட்சிக்கு அவருடைய பேட்டி ஒன்று ரொம்ப நாளாகப் பாக்கி இருந்தது. கேள்விகளைக் கொட்டை எழுத்தில் எழுதி ஒவ்வொன்றாகக் காட்டினேன். அவர் நிதானமாகவே பதில் சொன்னார். அந்தப் பதிவை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். அதில் அவர் சொல்வார்:

"நான் கதவு பார்த்த காலத்துல ஒரு ஆளுக்கும் ஒண்ணும் ஆனதில்ல தம்பி. செருப்பப் பார்க்காம ஒரு நாளும் கட்டையப் போட்டதில்ல. காது போனா என்னா? கடவுள் கண்ணக் குடுத்திருக்கான்."

அவர் அதைச் சொல்லும்போது பின்னால் ஒரு தட்டும் சத்தம் கேட்கும். பலகையில் உள்ளங்கையால் தட்டுவது போல. கொஞ்ச நேரம் வேகமாகக் கேட்கும், பிறகு விட்டு விட்டு. கூப்பிடும் குரலும் ஒன்று இருக்கிறது, பலகை தடிப்பானதால் சொற்கள் தெளிவாக இல்லை. அந்தச் சத்தத்தை நான் நீக்கவில்லை. இடத்தின் உண்மையான ஒலிகளை வெட்டக் கூடாது என்பது என் கொள்கை. கண்காட்சியில் அந்தப் பேட்டியைப் பெரிய திரையில் ஓடவிட்டோம். வந்தவர்கள் அந்தத் தட்டல் சத்தத்தைத் தாளம் என்று நினைத்துப் பாராட்டினார்கள். திறப்பு விழாவுக்கு என் காரிலேயே முன்னதாகக் கூட்டிவந்த முனியாண்டியும் திரைக்கு முன்னால் நின்று பார்த்தார். அவருக்குக் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் அவர்தான் கதவைத் திறந்தார். அவர் போட்ட சத்தத்தில் தாமானே ஓடி வந்தது.

விபத்து என்று முடிந்தது. காது கேளாத கிழவர், செருப்பைக் கவனிக்காமல் கதவை அடைத்துவிட்டார், செருப்பை அப்புறம் நாய் இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்று எல்லாரும் நம்பினார்கள். முனியாண்டி மட்டும் திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னார், 'செருப்பு இல்ல, நான் பார்த்தேன், செருப்பு இல்ல' என்று. அப்புறம் அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. அதன் பிறகு பேசுவதையே நிறுத்திவிட்டார். பச்சைத் தண்ணீர்கூடச் சரியாகக் குடிப்பதில்லை என்று சொன்னார்கள். நான் போய் அவர் தோளில் கை வைத்தேன். அவரை வேலையிலிருந்து நீக்கவில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் ஒருவரை ஒதுக்குவது கொடுமை.

அவரை இதில் இழுத்தது நியாயமா என்கிறீர்கள். எந்த நல்ல படைப்பும் ஒரே ஒரு கையால் ஆவதில்லை, மேடம். இதை நான் எல்லா மேடையிலும் சொல்லியிருக்கிறேன்.

செருப்பை என்ன செய்வது என்று யோசித்தேன். ஆற்றில் எறிவதும் மண்ணில் புதைப்பதும் குற்றவாளிகள் செய்கிற வேலை. கண்காட்சி வாசலில் ஒரு குவியல் வைப்பதாக ஏற்கெனவே திட்டம் இருந்தது. தாமானில் வீடு வீடாக முன்பே கேட்டு வாங்கிய பழைய செருப்புகள். 'பெயரில்லாப் பாதங்கள்' என்று தலைப்பு. இந்த ஜோடியையும் குவியலின் நடுவில் வைத்தேன். ஏழைகளின் செருப்பு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். அதே நீலம், அதே தேய்மானம். மறைத்தேன் என்று சொல்வது தவறு. எல்லாரும் பார்க்கும்படி வைத்தேன்.

சிரம்பான் மண்டபத்தில் திறப்பு விழா சிறப்பாகத் தொடங்கியது. இறந்தவருக்காகத் தலை குனிந்து நின்றோம். 'நம் குடும்பத்தில் ஒருவரை இழந்தோம்' என்று பேசினேன். விமலா அழுதார். இறந்தவர் பெயரைச் சொல்லுங்கள் என்று கூட்டத்தில் யாரோ சத்தமிட்டார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு அமைதியாக நின்றேன். அது நன்றாகவே எடுபட்டது.

அப்புறம்தான் பஸ் வந்தது.

உள்ளே வரும் மக்கள் சுவரில் இருப்பதை அமைதியாகப் பார்த்துக்கொண்டு நடப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். அவர்கள் வாசலைத் தாண்டவே இல்லை. செருப்புக் குவியலைச் சுற்றி உட்கார்ந்து, அவரவர் செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள்.

"ஏய், இது ஏஞ் செருப்பு லா. பாரு, நாய் கடிச்ச எடம்."

"இந்தா ஒன் மாமியா செருப்பு. இத வச்சித்தானே ஒன்ன அடிச்சிச்சு?"

"மியூசியத்துல வச்சிட்டாங்கடி. இனிமே அடிக்க முடியாது."

கோலாலம்பூர்க்காரர்கள் இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று எண்ணிக் கைபேசியில் படம் எடுத்தார்கள். நான் யாரையும் தடுக்கவில்லை. தொடாதீர்கள் என்று சொல்கிற கண்காட்சிகளைத்தானே வாழ்நாள் முழுக்க எதிர்த்து வந்தேன்.

தாயம்மா குவியலுக்குள் கையை விட்டு ஒரு செருப்பை எடுத்தார். திருப்பிப் பார்த்தார். சிரிப்பு ஒவ்வொருவர் முகமாக அடங்கியது.

"இது நீலாவதி செருப்பு." பெயரைச் சொன்னது அவர், மேடம், நான் இல்லை.

"அக்கா," என்றேன், "இந்த மாதிரி நீலச் செருப்பை ஆயிரம் பேர் போடுகிறார்கள்."

"போடட்டும்." அவர் குரல் உயரவில்லை. "இந்த வாரு அந்துபோச்சு. அவ பேக்டரிக் கையுறையக் கிழிச்சி, வார இழுத்துக் கட்டுனது நானு. இந்த முடிச்சு ஏன் முடிச்சு. அவ செத்த அன்னைக்கிக் காலையில எங்கூட்டு வாசல்ல ஒக்காந்து கட்டிக் குடுத்தேன். நீ செருப்பு வாங்க வந்தது அதுக்கு எத்தன நாளு முந்தி, கிராணி வூட்டுத் தம்பி?"

தேர்ந்தெடுத்த சொற்களால் சரிசெய்யக்கூடிய கேள்வியாக அது எனக்குத் தோன்றவில்லை.

முனியாண்டி உள்ளேயிருந்து எழுந்து வந்து தாயம்மாவின் கையிலிருந்து அந்தச் செருப்பை வாங்கினார். குவியலில் தேடி மற்றதையும் எடுத்தார். இரண்டையும் மண்டபத்து வாசலுக்கு வெளியே கொண்டுபோய், ஜோடியாக, சேர்த்து வைத்தார். பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அத்தனை வாரத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் வாயைத் திறந்தார்.

"அன்னைக்கி இல்ல," என்றார். "நான்தான் சொன்னேன்ல. இல்லன்னு."

அதற்குப் பிறகு ஒருவரும் உள்ளே வரவில்லை. பஸ்ஸில் வந்த எல்லாரும் தங்கள் செருப்பைக் கழற்றி அந்த ஜோடிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வெறுங்காலோடு வெளியிலேயே நின்றார்கள். கலை அனுபவம் இல்லாதவர்கள் என்பதால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உங்கள் ஆட்கள் வரும்வரை மண்டபத்துக்குள் நான் மட்டும்தான் இருந்தேன். விமலாகூட வெளியே போய்விட்டார்.

தட்டும் சத்தம் எனக்குக் கேட்டதா என்று கேட்கிறீர்கள். கேட்டது. நான் பேட்டியை நிறுத்தவில்லை. வெளிச்சம் அப்போதுதான் சரியாக வந்திருந்தது. ஆம், அவர் உள்ளே இருக்கிறார் என்று தெரிந்துதான் செருப்பை எடுத்தேன். அவர் சாக வேண்டும் என்றுதான் எடுத்தேன். அதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றும் இல்லை.

உங்கள் தாளில் 'பொறாமை' என்று ஒரு சொல் இருப்பது இங்கிருந்தே தெரிகிறது. அதை மட்டும் அடித்துவிடுங்கள், மேடம். பெயர் வேண்டும் என்கிற ஆசை ஒரு நோய். அது அந்தப் பெண்மணிக்குத்தான் இருந்தது. நான் செய்தது எனக்காக இல்லை, எல்லாருக்காகவும்.

இறந்தவர் பெயர் என்ன என்று மறுபடியும் கேட்கிறீர்கள். 'தோட்ட மக்களில் ஒருவர்' என்று போடுங்கள். அதுவே அவருக்குப் போதும்.

என் பெயர் கெல்வின் அமலதாஸ். அதை இப்படிக் கீழே, மற்ற வரிகளோடு சேர்த்து எழுத வேண்டாம். மேலே, தனியாக, கொஞ்சம் பெரிதாக.